லைக் வந்துது, கோல் வரேல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பத்திரிகையில சின்ன வியாபாரம் செய்யிற ஆக்கள் சோஷல் மீடியாவில எப்பிடி முன்னுக்கு வரலாம் எண்டு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்கள். ரெண்டு தரம் வாசிச்சன், ஏனெண்டா நீங்க சொல்லுற அந்தச் சின்ன வியாபாரம் நான்தான். பேஸ்புக்கில பேஜ் ஒண்டு திறக்கட்டாம், ஒவ்வொரு நாளும் போஸ்ட் போடட்டாம், அது கன பேருக்குத் தெரியக் கொஞ்சக் காசு குடுத்து பூஸ்ட் பண்ணட்டாம், பிறகு கஸ்டமர் தானா வருவினமாம். எழுதினவர் நல்லாத்தான் எழுதியிருக்கிறார், ஆனா அவர் ஒரு கடையிலயும் ஒரு மாசம் இருந்து பாக்கேல்ல எண்டு எனக்கு வாசிக்கவே விளங்கிட்டுது, கோவிக்காதேங்கோ.

நான் கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள சாறி பிளவுஸ் தைக்கிறன். ரெண்டு மெசின், ஒரு ஓவர்லொக், உதவிக்கு ஒரு பிள்ளை, அவ்வளவுதான் கடை. என்ர மனுசன் பகலில வேற வேலை, சனி ஞாயிறில ஒரு பேண்டில பேஸ் கிட்டார் வாசிக்கிறார், கலியாண வீடு, சேர்ச் பெருநாள், விளையாட்டுக் கழக கலை நிகழ்ச்சி, டிசம்பர் 31 பார்ட்டி எண்டு போவினம். அவருக்கு போனில கதைக்கவே அலுப்பு, அதால கடை பேஜும் பேண்ட் பேஜும் ரெண்டும் என்ர தலையிலதான். ஆனபடியா இந்த விசயத்தில எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கு.

2021 லொக்டவுனுக்க கடை பூட்டி இருக்கேக்கதான் பேஜ் தொடங்கினன். முதல் கிழமை சொந்தக்காரர் எல்லாரும் லைக் போட்டவை, கனடாவில இருக்கிற மாமி கூட ஹார்ட் போட்டவ, அவ அங்க இருந்து பிளவுஸ் தைக்க வரப்போறதில்ல. பிறகு அந்த நீல பட்டன் இருக்கே, பூஸ்ட் போஸ்ட் எண்டு, அத அமத்த அமத்த லைக் ஏறுது, பாக்க ஆசையா இருந்துது, ஆறு மாசத்தில 3,400 லைக், செலவு 40,000 ரூபாவுக்குக் கிட்ட. ஒருநாள் இரவு சும்மா இருந்து ஆர் இந்த 3,400 பேர் எண்டு பாத்தா அரைவாசிக்கு மேல பெடியள். மாத்தறையில ஒருத்தர், பொலன்னறுவையில ஒருத்தர், கட்டாரில வேலை செய்யிற நாலைஞ்சு பேர். ஒருத்தருக்கும் பிளவுஸ் தேவையில்ல! நான் ஒண்டையும் மாத்தாம முழு இலங்கையும் 18 வயசில இருந்து 65 வரைக்கும் ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் எண்டு விட்டிருக்கிறன். பேஸ்புக் அதுக்கென்ன செய்யும், லைக் வேணும் எண்டு கேட்டன், லைக் போடுற ஆக்களத் தேடித் தந்துது.

அண்டைக்குத்தான் ஒரு சீ.ஆர். கொப்பி, அந்தத் தடிச்ச மட்டைக் கொப்பி, எடுத்தன். புதுசா ஆர் வந்தாலும் அளவு எடுக்கேக்க ஒரே ஒரு கேள்வி, எங்கள எப்பிடித் தெரியும் எண்டு. 2023 முழுக்க எழுதினன். அந்த வருசம் புதுசா வந்தவை 61 பேர். அதில 31 பேர் வேற ஆரோ தைச்சுப் போட்டதப் பாத்திட்டு கேட்டு வந்தவை, 17 பேர் கூகிள் மெப் பாத்து வந்தவை, 9 பேர் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பேஸ்புக் பூஸ்ட்டப் பாத்து வந்தது 4 பேர். நாலே நாலு.

அந்த 17 பேரப் பற்றி உங்கட கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. கூகிளில கடையப் பதியிறதுக்கு ஒரு சதமும் இல்ல, பேர், எத்தின மணிக்குத் திறப்பம், போன் நம்பர், நாலு படம், அவ்வளவுதான். எங்கட ஒழுங்கை பஸ்ஸில இருந்து இறங்கி விசாரிச்சு வாறதுக்கு சரியான கஸ்டமான இடம், முந்தி ஒவ்வொருத்தருக்கும் போனில வழி சொல்லியே என்ர தொண்டை போயிடும், இப்ப த்ரீவீல்காரரே மெப்பப் பாத்து வாசலில கொண்டு வந்து விடுறார். தையல் எண்டு தேடுற ஆள் ஏற்கனவே துணிய வாங்கி வீட்டில வச்சுக்கொண்டுதான் தேடுறா. பேஸ்புக்கில எங்கட போஸ்ட்டப் பாக்கிற ஆள் பஸ்ஸில போய்க்கொண்டு விரலால தள்ளுறா. ரெண்டு பேரும் ஒண்டே?

ஒவ்வொரு நாளும் போஸ்ட் போடுங்கோ எண்டதுக்கும் ஒண்டு சொல்ல வேணும். பேஜ் லைக் பண்ணின எல்லாருக்கும் போஸ்ட் போய்ச் சேரும் எண்டுதான் நானும் நினைச்சன். 2012லயே பேஸ்புக் கொம்பனி சொன்னது, ஒரு பேஜ் போடுறதச் சராசரியா அந்தப் பேஜின்ர ஆக்களில 16 வீதம் பேர்தான் பாக்கினம் எண்டு. பிறகு 2018 ஜனவரியில மார்க் சக்கர்பேர்க்கே அறிவிச்சார், இனி குடும்பம், சிநேகிதர் போடுறதுதான் முன்னுக்கு வரும், பேஜ்கள் போடுறது குறையும் எண்டு. என்ர பேஜில 3,400 பேர் இருக்கினம் எண்டு சொன்னனே, சாதாரணமா ஒரு போஸ்ட்ட 140 பேர் பாத்தா பெரிய விசயம். அந்த 140க்காக ஒவ்வொரு நாளும் மெசினை நிப்பாட்டிப்போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தா தைக்கிறது ஆர்?

பேஸ்புக் விளம்பரக் காசு டொலர்க் கணக்கில வரலாம் எண்டதையும் கட்டுரையில விட்டிட்டீங்கள். 2022 தொடக்கத்தில ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், மே மாசம் 360க்குக் கிட்டப் போச்சு. அதே விளம்பரம், அதே ஆக்கள், எனக்கு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காசு. அந்த நேரம் கரண்டும் இல்ல, மெசின் ஓடேல்ல, ஆனா விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்துது, நிப்பாட்ட மறந்துபோனன், அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நான் விளம்பரமே வேண்டாம் எண்டு சொல்லேல்ல. இப்பவும் போடுறன், வருசத்தில மூண்டு தரம், தீபாவளிக்கு அஞ்சு கிழமைக்கு முதல், பொங்கலுக்கு முதல், ஆவணிக் கலியாணத்துக்கு முதல். பொம்பிளையளுக்கு மட்டும், வெள்ளவத்தையச் சுத்திக் கொஞ்சக் கிலோமீட்டர், பம்பலப்பிட்டியும் தெஹிவளையும் வந்தாப் போதும், லைக்குக்கு இல்லாம மெசேஜ் வாற மாதிரி. அஞ்சு கிழமை எண்டது முக்கியம், தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கேக்க ஓடர் வந்து என்ன, எடுக்க ஏலாது, திட்டுத்தான் விழும்.

இப்ப விலைக் கதைக்கு வாறன். எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு, வடிவான படம் போடுவினம், கீழ நூறு பேர் விலை எவ்வளவு எண்டு கேட்டிருப்பினம், நூறு பேருக்கும் ஒரே பதில், இன்பொக்ஸ் பண்ணியிருக்கு. ஏன் இந்த ரகசியம்? கடையில விலை எழுதிக் காட்ட வேணும் எண்டு 2003ஆம் ஆண்டின்ர நுகர்வோர் சட்டம் இருக்கு, போனில மட்டும் விலை என்ன வெக்கப்பட்டுக்கொண்டு ஒளிச்சிருக்கிறதே. சிலர் சொல்லுகினம் கொமெண்ட் கூடினா போஸ்ட் கன பேருக்குப் போகும், அதுக்காகத்தான் விலை போடுறேல்ல எண்டு. கொமெண்ட் கூடும், உண்மைதான். நானும் செய்து பாத்தன். 80 கொமெண்ட் வந்துது, 80 பேருக்கும் இரவு பன்னெண்டு மணி வரைக்கும் ரைப் பண்ணினன், விலையக் கேட்டிட்டு 70 பேர் பேசாமப் போயிட்டினம், அவைக்கு அது கட்டாத விலை, முதலே போட்டிருந்தா அவைக்கும் கரைச்சல் இல்ல எனக்கும் நித்திரை. இப்ப படத்திலயே எழுதிப் போடுறன், சாதாரண பிளவுஸ் இவ்வளவு, லைனிங் வச்சா இவ்வளவு, ஆரி வேர்க் எண்டா வந்து பாத்துத்தான் சொல்லுவன் எண்டு. கொமெண்ட் குறைஞ்சு போச்சு. கோல் கூடியிருக்கு. கோல் எடுக்கிற ஆள் விலை தெரிஞ்சுதான் எடுக்கிறா, அவ கேக்கிற கேள்வி எப்ப வரலாம் எண்டது மட்டும்தான்.

பாஷை அடுத்த கரைச்சல். கொழும்பில கடை வச்சிருந்தா தமிழ் மட்டும் போதாது, எனக்கு வாற கஸ்டமரில சிங்கள ஆக்களும் இருக்கினம், முஸ்லிம் ஆக்களும் இருக்கினம், மூண்டு பாஷையிலயும் ரெண்டு ரெண்டு வரி போடத்தான் வேணும். அத விட மோசம் என்னெண்டா தமிழையே ஒழுங்காப் போடத் தெரியாம இருக்கிறது. போஸ்டர் அடிக்கிற இடங்களில இன்னும் பாமினி எண்ட பழைய கம்பியூட்டர் எழுத்துத்தான், அதில இருந்து கொப்பி பண்ணி பேஸ்புக்கில ஒட்டினா இங்கிலீஸ் எழுத்தும் புள்ளியும் கோடுமா ஏதோ மந்திரம் மாதிரி வரும், ஒரு நகைக்கடை போட்டத நானே பாத்தன், மூண்டு நாள் அப்பிடியே கிடந்துது, ஒருத்தரும் சொல்லேல்ல. எந்தப் போனிலயும் தமிழாவே தெரியிற யூனிகோடில ரைப் பண்ணினாத்தான் ஆக்கள் தமிழில தேடேக்க கூகிளுக்குப் பிடிபடும். படத்துக்குள்ள மட்டும் எழுதி விட்டாலும் பிரயோசனம் இல்ல, அதே சொல்லுகளக் கீழயும் ஒருக்கா எழுத வேணும். வெள்ளவத்தை எண்டு தமிழிலயும் இங்கிலீசிலயும் ரெண்டிலயும் போடுங்கோ, இங்கிலீசில அதுக்கு நாலு ஸ்பெலிங், அது வேற கதை.

பேண்ட் விசயம் இதுக்கும் மேல. மனுசன் ஆக்கள் கலியாணத்தில வாசிக்கிறதில பத்துக்கு ஒம்பது சினிமாப் பாட்டு. அத லைவா வீடியோ எடுத்துப் போட்டா சில நேரம் பேஸ்புக் சத்தத்த அமத்திப் போடும், எல்லாரும் வாய அசைக்கினம், ட்ரம்ஸ்காரர் பேய் பிடிச்ச மாதிரி கைய ஆட்டுறார், ஒரு சத்தமும் இல்ல, பகிடியா இருக்கும். யூடியூப்பில கொன்டென்ட் ஐடி எண்டு ஒரு முறை இருக்கு, பாட்டு ஆற்ற எண்டு அதுவே கண்டுபிடிக்கும், கன நேரம் வீடியோ இருக்கும் ஆனா அதில வாற விளம்பரக் காசு பாட்டுக்கு உரிமைக்காரருக்குப் போயிடும். அது நியாயம்தான், அவையின்ர பாட்டு. ஆனா யூடியூப்பால பேண்டுக்கு வருமானம் வரும் எண்டு எழுதுற ஆக்கள் இந்தக் கணக்கையும் சேத்து எழுத வேணும். விளம்பரக் காசு வாறதுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருசத்துக்குள்ள 4,000 மணித்தியாலம் பாத்தும் இருக்க வேணும். 4,000 மணித்தியாலம் எண்டா 2,40,000 நிமிசம், நாலு நிமிசப் பாட்டொண்ட 60,000 தரம் ஆரோ முதலில இருந்து கடைசி வரைக்கும் பாக்க வேணும். ஷோர்ட்ஸ் எண்ட குட்டி வீடியோ போட்டு வேற வழியா வரலாம், அதுக்கு 90 நாளில ஒரு கோடி பாக்க வேணும். கொழும்பில ஒரு கலியாண பேண்டுக்கு இது நடக்கிற காரியமே?

2021ல யொஹானி பாடின சிங்களப் பாட்டு யூடியூப்பில இருந்து இந்தியா முழுக்கப் போனதுக்குப் பிறகு எங்கட பெடியள் எல்லாருக்கும் வைரல் விசர். நல்ல விசயம், அந்தப் பிள்ளை எங்கட நாட்டுப் பிள்ளை, சந்தோசம். ஆனா எங்கட பேண்டுக்கு ஒரு கோடி பேர் தேவையில்ல. மாசத்துக்கு நாலு ஷோ, வத்தளைக்கும் மொரட்டுவைக்கும் இடையில, லொறிக்கும் சாப்பாட்டுக்கும் போக ஆளுக்கு ஏதாவது மிஞ்சினாப் போதும். அப்பா சொல்லுவார், எழுபதுகளில ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் எண்டு பொப்பிசை கொடி கட்டிப் பறந்த காலம், றேடியோவில பாட்டுப் போனா மேடைக்குச் சனம் வரும், மேடையில பாத்த சனம் அடுத்த ஊருக்குக் கூப்பிடும் எண்டு. இப்பவும் அதுதான் நடக்குது, றேடியோ இருந்த இடத்தில போன் இருக்கு.

எங்களுக்கு உண்மையா புக்கிங் கொண்டு வந்த வீடியோ ஒண்டு இருக்கு, அத நாங்க எடுக்கவே இல்ல. பம்பலப்பிட்டியில ஒரு மண்டபத்தில கலியாணம், படம் எடுத்த பெடியன் தன்ர வேலையக் காட்ட 40 செக்கன் கிளிப் ஒண்டு போட்டான், அதில மாப்பிள்ளையின்ர அம்மம்மா எழும்பி ஆடுறா, பின்னால எங்கட பேண்ட் வாசிக்குது, எங்கட பேர டேக் பண்ணினவன். ஒரு கிழமையில மூண்டு கோல். மூண்டு பேரும் கேட்டது ஒரே விசயம், அந்த அம்மம்மாவ ஆட வச்ச பேண்ட் நீங்களோ? அதுக்குப் பிறகு எனக்கு விளங்கினது, கலியாணத்தில கேக் செய்யிறவ, மேக்கப் போடுறவ, மணவறை கட்டுறவர், படம் எடுக்கிறவர், பேண்ட் எண்டு எல்லாருக்கும் ஒரே கஸ்டமர்தான். இப்ப நாங்க எல்லாரும் ஆளுக்காள் டேக் பண்ணுறம், சதம் செலவில்ல. வீட்டுக்காரரிட்டக் கேட்டிட்டுத்தான் போடுறது, பொம்பிளை வீட்டு ஆக்கள் சிலருக்கு விருப்பமில்ல, அத மதிக்க வேணும். அதோட பேண்ட் பேஜில மேலயே எழுதி வச்சிருக்கிறம், எத்தின பேர் வருவம், சவுண்ட் சிஸ்டம் எங்கடயோ மண்டபத்திண்டயோ, எத்தின மணித்தியாலம், கொழும்புக்கு வெளியில எண்டா லொறிக்காசு தனி. டிஜே எங்கள விட மலிவு, அதில போட்டி போட ஏலாது, ஆனா இந்தக் கேள்வியளுக்கு டிஜேமார் பதில் எழுதி வைக்கிறேல்ல.

பேஜ் பாத்துத் தாறம் எண்டு வாற ஆக்களப் பற்றி ரெண்டு சொல்லிப்போட்டு விடுறன். ஒரு இடத்தில மாசம் 25,000 குடுத்தன், பேர் வேண்டாம். மூண்டு மாசமா அவை போட்டது போயா வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, வெள்ளிக்கிழமை வாழ்த்து, எல்லாத்திலயும் என்ர கடைப் பேர் கடுகளவு, அவையின்ர லோகோ பூசணிக்காய் அளவு. பேண்டின்ர முதல் பேஜ அடிச்சுத் தந்த பெடியன் அட்மினைத் தன்ர பேரில வச்சுக்கொண்டு வெளிநாடு போயிட்டான், நல்ல பெடியன்தான், ஆனா அவன்ர பழைய எக்கவுண்டும் போச்சு பேஜும் போச்சு, ஏழு வருசப் படம் வீடியோ எல்லாம் அங்க கிடக்குது, தொட ஏலாது. தயவுசெய்து எழுதுங்கோ ஐயா, கொட்டை எழுத்தில எழுதுங்கோ, பேஜ் ஆர் அடிச்சாலும் அட்மின் கடைக்காரர்ர பேரில இருக்க வேணும், ஒண்டுக்கு ரெண்டு பேர் இருக்க வேணும் எண்டு.

கையில இருந்தாலும் நிச்சயமில்ல எண்டது எங்கட நாட்டில இருக்கிறவைக்குச் சொல்லத் தேவையில்ல. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் கலவரம் எண்டு அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் பூட்டினது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு திருப்பிப் பூட்டினது, அந்த நேரம் ஷோ எல்லாம் கென்சல், கொட்டாஞ்சேனையில இருந்த எங்கட கீபோட்காரர் கிட்டார் சத்தம் கேக்கவே விருப்பமில்லாம இருந்தவர், அத வேற எங்கயும் எழுத மனம் வரேல்ல. 2022 ஏப்ரல் 3 ஞாயிறு ஆர்ப்பாட்ட நேரம் ஒருநாள் பூட்டு. அண்டைக்கு எனக்கு நாலு பேர் பிளவுஸ் எடுக்க வர இருந்தவை, ஊரடங்கு, வர ஏலாது, சொல்ல வட்ஸ்அப்பும் இல்ல. சீ.ஆர். கொப்பியில நம்பர் இருந்தபடியா சாதாரண கோல் எடுத்துச் சொன்னன். அதால இப்பவும் நம்பர எழுதித்தான் வைக்கிறன். இன்னொண்டு, வட்ஸ்அப்பில ப்ரோட்காஸ்ட் எண்டு ஒரே மெசேஜ கன பேருக்கு ஒருமிக்க அனுப்பினா எங்கட நம்பரத் தங்கட போனில சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் போகும், இது தெரியாம ஒரு வருசம் காத்தோட கதைச்சிருக்கிறன். இப்ப அளவு எடுத்து முடிய, போனை எடுங்கோ அக்கா, சேவ் பண்ணுங்கோ எண்டு நிண்டு பண்ண வச்சிட்டுத்தான் அனுப்புறன்.

கடைசியா உங்களிட்ட ஒரு கேள்வி. சின்ன வியாபாரத்துக்குப் புத்தி சொல்லி ஒரு முழுப் பக்கம் போட இடம் இருக்கு. ஞாயிறுப் பத்திரிகையில ஒரு கால் பக்கம், இந்தக் கிழமை கொழும்பில எந்த மண்டபத்தில எந்த உள்ளூர் பேண்ட் வாசிக்குது, எந்த ஒழுங்கையில புதுசா என்ன கடை திறந்திருக்கு எண்டு ஒரு வரி ஒரு வரியாப் போட இடம் இல்லையோ? பேரும் நேரமும் நம்பரும் காணும். காசு வேணுமெண்டா சின்னத் தொகை ஒண்டு வாங்குங்கோ, அது ரூபாவில எண்டபடியா எங்களுக்கு இன்னும் நல்லம். உங்கட பத்திரிகையில ஆற்றயாவது பேர் வந்தா அத வெட்டிப் போட்டோ எடுத்து குடும்ப வட்ஸ்அப் குரூப் எல்லாத்துக்கும் அனுப்புறது எங்கட சனத்தின்ர பழக்கம், கனடா மாமி வரைக்கும் போகும், நான் குடுத்த எந்த பூஸ்ட்டும் அவ்வளவு தூரம் போகேல்ல.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி

பி.கு.: கடைப் பேரையும் பேண்ட் பேரையும் வேணுமெண்டுதான் போடேல்ல, போட்டா விளம்பரம் எண்டு கடிதத்தத் தூக்கிக் குப்பையில போட்டிடுவீங்கள். அந்தக் கால் பக்கம் தொடங்கினா ரெண்டையும் முதல் கிழமையே அனுப்புவன்.